ஹார்லோ பயிற்சி விமானமும் இந்திய விமானக் கைத்தொழிலின் தொடக்கமும்

படை விமானங்களின் வரலாறு பெரும்பாலும் போர்க்களத்தை மையமாகக் கொண்டே எழுதப்படுகின்றது. எனினும், ஒரு நாட்டில் விமானக் கைத்தொழில் வேரூன்றியவாற்றை அறியப் போர் விமானத்தினும் பயிற்சி விமானமே தக்க சான்றாகும். இந்தியாவைப் பொறுத்தவரை அத்தகைய சான்றாக அமைவது ஹார்லோ பி.சி. 5 ஆகும்.

இவ்விமானம் ஒரு கல்லூரியின் கல்விப் பணியிலிருந்து தோன்றியது. கலிபோர்னியாவிலுள்ள பாசடீனா கனிட்ட கல்லூரியில் விமானப் பொறியியல் கற்பித்த மாக்ஸ் ஹார்லோ, தம் மாணவரைக் கொண்டே பி.ஜே.சி. 1 என்னும் உலோக விமானத்தைக் கட்டுவித்தார். கல்லூரிப் பெயரின் முதலெழுத்துக்களே அதன் பெயராயின. 1937இல் பறந்த அவ்விமானம் சுழல்வீழ்ச்சிச் சோதனையின்போது அழிந்தது. ஆயினும் முயற்சி கைவிடப்படவில்லை, திருத்தப்பெற்ற பி.ஜே.சி. 2 உருவாயிற்று. ஆசிரியரும் பயில்பவரும் முன்பின்னாக அமர்ந்து செலுத்தத்தக்க படைப்பயிற்சி வடிவமாக, இரண்டாம் உலகப் போர் தொடங்கிய ஆண்டாகிய 1939இல் பி.சி. 5 வெளிவந்தது.

இதே காலத்தில் தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் இந்தியாவில் விமானத் தொழிற்சாலை அமைக்க முயன்றார். அமெரிக்கரான வில்லியம் பாவ்லி தொழில்நுட்பத் துணை நல்கினார். மிர்ஸா இஸ்மாயில் திவானாக விளங்கிய மைசூர் சமஸ்தானம் நிலமும் முதலும் வழங்கியது. இவ்வாறாக 1940 டிசம்பரில் பங்களூரில் இந்துஸ்தான் விமானக் கம்பெனி உதயமாயிற்று. அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பாகங்களைப் பொருத்தி, 1941இல் அங்கு முதல் ஹார்லோ பறக்கவிடப்பட்டது.

ஆயினும் உற்பத்தி பெருகவில்லை. போர் நெருக்கடியால் 1942இல் இந்திய அரசு நிருவாகத்தை ஏற்றது. 1943இல் தொழிற்சாலை அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்க்கும் நிலையமாயிற்று. இதனைத் தோல்வியென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பாகம் பொருத்தவும் பழுது நீக்கவும் பழகிய தொழிலாளரே பிற்கால உற்பத்திக்கு அடிப்படையாயினர்.

பொருத்துதல் வேறு, வடிவமைத்தல் வேறு. இவ்விடைவெளியை நிரப்பியதும் கல்விக்கூடமே. 1942இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விமானப் பொறியியற்றுறை தொடங்கப்பட, அதன் தலைவராக வி. எம். காட்கே அமர்ந்தார். அவர் வழிநடத்திய குழுவினர் வடிவமைத்த எச்.ரி. 2 பயிற்சி விமானம் 1951இல் பறந்தது. யந்திரம் பிரித்தானியாவினதாயினும் வடிவம் இந்தியருடையது. பின்னர் கானா நாட்டு விமானப்படையும் இதனை வாங்கிற்று.

அதே 1951இல் நிறுவப்பெற்ற இலங்கை விமானப்படை, தன் பயிற்சிக்குச் சிப்மங்க் விமானங்களை வெளிநாட்டிலிருந்தே பெற்றமை ஈண்டு ஒப்புநோக்கற்பாலது. நாட்டின் பரப்பும் செல்வவளமும் இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாகலாம். ஆயினும் பாசடீனாவிலும் பங்களூரிலும் வகுப்பறைக்கும் பட்டறைக்கும் இடையே நிலவிய தொடர்பு புறக்கணிக்கத்தக்கதன்று. அத்தொடர்பு இல்லாதவிடத்து, வாங்கிய பொறி பழுதாகும்போது அதனைத் திருத்தும் அறிவையும் வாங்கவே நேரும்.