46 கி.மீ. நீலகிரி ரயில் ஒரு அறைக்குள் அடங்குமா? மாடல் ரயில்வே உருவாவது எப்படி? - முழு விளக்கம்

மலை, சுரங்கம், ஸ்டேஷன், டீக்கடை, நடுவே கையளவு இன்ஜின் ஒன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இதுபோன்ற வீடியோவைப் பார்த்ததும் ‘நம்ம ஊர் ரயிலையும் இப்படிச் செய்ய முடியுமா?’ என்று நிறைய பேருக்குத் தோன்றும். முடியும். ஆனால் எதை எந்த அளவில் செய்வது என்பதில் தொடங்கி, ஒரு பெட்டி எத்தனை கிராம் இருக்கணும் என்பது வரை எல்லாமே கணக்குதான். அந்தக் கணக்கையும் கைவேலையையும் இந்தத் தொகுப்பில் விரிவாகப் பார்க்கலாம்.

பொம்மை ரயிலுக்கும் மாடல் ரயிலுக்கும் என்ன வித்தியாசம்?

பொம்மை ரயில் ஓடினால் போதும். மாடல் ரயிலுக்கு அது போதாது. நிஜ ரயிலின் ஒவ்வொரு அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கணும். பெட்டி மட்டுமல்ல, பிளாட்பார்ம், கதவு, செங்கல், நிற்கும் பயணி எல்லாமே அதே விகிதத்தில் இருக்கணும். இப்படி தண்டவாளம், நிலப்பரப்பு, கட்டடம் எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்குப் பெயர் லேஅவுட்.

உலகின் மிகப்பெரிய லேஅவுட்டாகப் பேசப்படுவது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001ல் திறக்கப்பட்ட ‘மினியேச்சர் வுண்டர்லேண்ட்’. 15 கிலோமீட்டருக்கும் அதிகமான தண்டவாளம் அங்கே இருக்கிறது. இந்தியாவில் புனேயில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில்வே மியூசியம் 1998ல் இருந்து இயங்குகிறது.

முதல் முடிவு: எந்த அளவு?

இந்த முடிவைப் பிறகு மாற்றுவது ரொம்பக் கஷ்டம். இன்ஜின், பெட்டி, கட்டடம், மனித உருவம் எல்லாம் இதைப் பொறுத்தே வாங்கப்படுகின்றன. அதிகம் புழங்கும் அளவுகள் இவை:

* ஹெச்.ஓ: 87ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. உலக அளவில் பிரபலமானது.
* டபுள் ஓ: 76ல் ஒரு பங்கு. இடைவெளி அதே 16.5 மி.மீ. பிரிட்டனில் இதுதான் வழக்கம்.
* என்: 160ல் ஒரு பங்கு. இடைவெளி 9 மி.மீ. சின்ன வீட்டுக்கு ஏற்றது.
* இசட்: 220ல் ஒரு பங்கு. இடைவெளி 6.5 மி.மீ. ஒரு சூட்கேஸுக்குள்ளேயே லேஅவுட் செய்துவிடலாம்.

இடம் இல்லை என்பதற்காக உடனே ஆகச் சிறியதைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். அளவு குறையக் குறைய கையால் நுணுக்கம் செய்வது கடினம். தண்டவாளத்தில் ஒரு தூசி விழுந்தாலும் சின்ன இன்ஜின் நின்றுவிடும்.

இந்திய ரயிலுக்கு மட்டும் ஏன் தனிச் சிக்கல்?

16.5 மி.மீ. என்பதை 87ஆல் பெருக்கினால் சுமார் 1,435 மி.மீ. வரும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஸ்டாண்டர்டு கேஜ் அதுதான். ஆனால் நம்ம பிராட்கேஜ் 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. ஆகிறது. கடையில் கிடைக்கும் தண்டவாளத்தைவிட கிட்டத்தட்ட 3 மி.மீ. அதிகம். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் அந்தத் தண்டவாளத்தில் நம்ம பெட்டியை வைத்தால், பெரிய உடம்புக்கு ஒல்லிக்கால் வைத்த மாதிரி தெரியும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வித்தியாசத்தைப் பொறுத்துக்கொண்டு கிடைக்கும் தண்டவாளத்திலேயே ஓட்டுவது. பெரும்பாலானவர்களின் வழி இதுதான். இன்னொன்று, தண்டவாளம், சக்கர அச்சு எல்லாவற்றையும் கையால் செய்வது. துல்லியம் கிடைக்கும், ஆனால் நேரமும் பணமும் பல மடங்கு.

சுவாரஸ்யம் என்னவென்றால், நீலகிரி மலை ரயிலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது மீட்டர்கேஜ், அதாவது 1,000 மி.மீ. 87ஆல் வகுத்தால் 11.5. சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளின் மீட்டர்கேஜ் ரயில்களுக்காகவே 12 மி.மீ. தண்டவாளம் விற்பனையில் இருக்கிறது. வித்தியாசம் வெறும் அரை மி.மீ. அதேபோல் 762 மி.மீ. அகலமுள்ள கல்கா - சிம்லா ரயிலுக்கு 9 மி.மீ. தண்டவாளம் கச்சிதமாகப் பொருந்தும்.

முழு ரயில் பாதையையும் அப்படியே சுருக்க முடியுமா?

முடியாது. மேட்டுப்பாளையம் - ஊட்டி பாதை சுமார் 46 கி.மீ. ஹெச்.ஓ அளவில் சுருக்கினாலும் 529 மீட்டர் வரும். அடிவாரம் கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டரிலும், உச்சி 2,203 மீட்டரிலும் இருக்கின்றன. அந்த உயரத்தைச் சுருக்கினால் மட்டுமே 21 மீட்டருக்கு மேல், அதாவது 7 மாடிக் கட்டடம்! உலகின் மிக நீளமானதாகச் சொல்லப்படும் ஹூப்ளி பிளாட்பார்ம் 1,507 மீட்டர். அதைச் சுருக்கினால் 17 மீட்டர். எந்த வீட்டு ஹாலிலும் அடங்காது.

அதனால் மாடல் செய்பவர்கள் ‘எதை விடுவது’ என்றுதான் முதலில் யோசிக்கிறார்கள். பார்த்ததும் ‘இது குன்னூர்’ என்று சொல்ல வைப்பது எது? ஸ்டேஷன் கட்டடமா, வளைவா, பின்னால் இருக்கும் சரிவா? அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, இடைப்பட்ட தூரத்தைச் சுரங்கத்துக்குள் மறைத்துவிடுவார்கள். 20 பெட்டி ரயில் 6 பெட்டியாகும். ஆனால் பெட்டியின் நீளத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. கண் அதை உடனே கண்டுபிடித்துவிடும்.

வளைவுக்கும் கணக்கு இருக்கிறது. நீளமான பெட்டியைப் போல் குறைந்தது மூன்று மடங்கு ஆரம் இருந்தால் ரயில் தடம் புரளாமல் ஓடும் என்பது அனுபவஸ்தர்களின் பொது விதி. எல்.ஹெச்.பி பெட்டி ஹெச்.ஓ அளவில் 27 செ.மீ. அப்படியானால் ஆரம் 81 செ.மீ. ரயில் அரைவட்டம் அடித்துத் திரும்பவே ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம் வேணும்.

ஏற்றத்துக்கு 100 செ.மீட்டருக்கு 2 செ.மீ. உயர்வு என்பது பாதுகாப்பான அளவு. ஒரு பாதை இன்னொன்றின் மேல் கடக்க சுமார் 8 செ.மீ. உயரணும் என்றால், அதற்கே 4 மீட்டர் நீளம் தேவை. நிஜ நீலகிரி ரயில் கல்லாறு - குன்னூர் இடையே ஏறத்தாழ 12 அடிக்கு ஒரு அடி ஏறுகிறது. பல்சக்கரம் இருப்பதால்தான் அது சாத்தியம். மாடலிலும் பல்சக்கரம் இல்லாமல் அந்த ஏற்றத்தில் பெட்டிகளை ஏற்ற முடியாது.

மலையும் மண்ணும் எதில் செய்யப்படுகின்றன?

மலையின் உள்ளே பெரும்பாலும் வெற்றிடம்தான். இரண்டு முறைகள் வழக்கத்தில் உள்ளன. தெர்மாகோல் அல்லது அடர்த்தியான ஃபோம் பலகைகளை அடுக்கி ஒட்டி, கத்தியால் சரிவாகச் செதுக்குவது ஒன்று. அட்டைக் கீற்றுகளைக் கூடை போலப் பின்னி, மேலே பிளாஸ்டர் துணியை நனைத்துப் போர்த்துவது மற்றொன்று. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட மெடிக்கல் ஷாப்பில் விற்கும் பி.ஓ.பி பேண்டேஜே இதற்குப் போதும்.

பாறைகளை ரப்பர் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி வார்க்கிறார்கள். நிறம் ஏற்றுவதில்தான் விஷயம் இருக்கு. ஒரே சாம்பல் பெயின்ட் அடித்தால் சிமென்ட் சுவர் மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் நன்றாகக் கரைத்த பழுப்பு, சாம்பல், காவி நிறங்களை அங்கங்கே புள்ளியாக வைத்து, கடைசியில் நீர்த்த கருப்பை மேலே ஓடவிடணும். அது இடுக்குகளில் தங்கி நிழல் போலத் தெரியும். தெர்மாகோல் மேல் சாதாரண ஸ்ப்ரே பெயின்ட் அடித்தால் உருகிவிடும் என்பதால், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் மட்டுமே பயன்படுத்தணும்.

தரைக்கு நிஜ மண்ணே சிறந்தது. காயவைத்து மெல்லிய துணியில் சலித்து எடுக்கணும். அதன்பிறகு ஒரு காந்தத்தை மண்ணுக்குள் ஓட்டிப் பார்ப்பது கட்டாயம். மண்ணில் இரும்புத் துகள் இருந்தால் இன்ஜின் மோட்டாரில் உள்ள காந்தம் அதை இழுத்துக்கொள்ளும், மோட்டார் பழுதாகும்.

தண்டவாள ஜல்லியை முதலில் உலர்ந்த நிலையிலேயே பிரஷ்ஷால் சீராகப் பரப்பிவிடணும். அதன்மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடணும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி சேர்த்தால் பசை உருண்டு நிற்காமல் உள்ளே இறங்கும். பாயின்ட், அதாவது பாதை பிரியும் இடத்தில் பசை போனால் அது அசையாமல் ஒட்டிக்கொள்ளும். அங்கே மட்டும் இரட்டிப்புக் கவனம் தேவை.

மரம், புல், தண்ணீர்?

முறுக்கிய மெல்லிய கம்பிதான் மரத்தின் கிளை. அதன்மேல் பசை தடவி, சாயமேற்றிய ஸ்பாஞ்ச் துகள்களைத் தூவினால் இலைகள் தயார். புல்லுக்கு நிலைமின்சாரம் உதவுகிறது. 2 முதல் 6 மி.மீ. நீளமுள்ள செயற்கை நாரை ஒரு கருவியில் வைத்துத் தூவினால், பசையில் விழும் ஒவ்வொரு நாரும் நட்டுக்க நிற்கும்.

குளமோ ஆறோ என்றால், தரைக்கு முதலில் நிறம் கொடுக்கணும். நடுவில் அடர்த்தியாகவும் கரையில் மண் நிறமாகவும் அடித்துவிட்டு, மேலே எபாக்ஸி ரெசினை மெல்லிய அடுக்குகளாக ஊற்றுவார்கள். ஆழம் இருப்பது போலத் தோன்றுவது ரெசினால் அல்ல, அடியில் இருக்கும் நிறத்தால். தொலைவில் உள்ள மலைகளுக்குப் பின்னணிச் சுவரில் வெளிறிய நீலச் சாம்பல் போதும். அறை தானாகவே பெரிதாகத் தெரியும்.

கட்டடங்களில் எதைக் கவனிக்கணும்?

அட்டை, பிளாஸ்டிக் ஷீட், லேசரில் வெட்டிய பலகை, 3டி பிரின்ட் என வழிகள் பல. அளவுகோல் ஒன்றுதான்: மனிதன். 170 செ.மீ. உயரமுள்ளவர் ஹெச்.ஓ அளவில் 19.5 மி.மீ. இருப்பார். 7 அடிக் கதவு 24 மி.மீ. கதவு சரியாக இருந்தால் மற்றவை தானாகச் சரியாகும்.

புதுசாகச் செய்த கட்டடம் பளிச்சென்று இருந்தால் பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும். மழை ஒழுகிய கறை, சுவர் அடியில் செம்மண் தெறித்த தடம், ஓட்டுக்கூரையில் நிறம் மாறிய நாலைந்து ஓடுகள் வேணும். சாக்பீஸ் பொடியை பிரஷ்ஷால் தேய்த்தே பாதி வேலையை முடிக்கலாம். உள்ளே போடும் எல்.இ.டி விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்து வைப்பதும் முக்கியம். சுவர் வழியாக வெளிச்சம் கசியாமல் இருக்க உள்பக்கம் கருப்பு பெயின்ட் அடித்துவிடணும்.

பெட்டிக்கு எடை ஏன் முக்கியம்?

எடை குறைந்த பெட்டி வளைவில் கவிழும். அதிகமானால் இன்ஜின் ஏற்றத்தில் திணறும். இதற்கு 1935ல் தொடங்கப்பட்ட அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில்ரோடு சங்கம் ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. ஹெச்.ஓ பெட்டிக்கு அடிப்படையாக ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம்ம கணக்கில் சொன்னால் 27 செ.மீ. எல்.ஹெச்.பி பெட்டி சுமார் 180 கிராம், 12 செ.மீ. நிலக்கரி வேகன் சுமார் 95 கிராம். எடையைத் தரைப்பகுதியில், இரண்டு பக்கமும் சமமாக ஒட்டணும். மேலே வைத்தால் பெட்டி ஆடும்.

நீலகிரி மாடலுக்கு இது இன்னும் முக்கியம். மேட்டுப்பாளையத்தில் இருந்து குன்னூர் ஏறும்போது இன்ஜின் பெட்டிகளை முன்னால் இருந்து இழுப்பதில்லை, பின்னால் இருந்து தள்ளுகிறது. தள்ளும்போது நடுவில் ஒரு பெட்டி மட்டும் லேசாக இருந்தால், வளைவில் அதுதான் முதலில் வெளியே துள்ளும்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்?

இங்கிலாந்தின் லாங் விட்டன்ஹாம் கிராமத்தில் பெண்டன் மியூசியம் இருக்கிறது. ராய் இங்கிலாந்து என்ற ஆஸ்திரேலியர், 1925ல் அந்தப் பகுதிக்கு வந்தபோது பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறுவதைப் பார்த்தார். மறைவதற்குள் அவற்றை அளந்து மாடலாகச் செய்யத் தொடங்கினார். 1954ல் அது மியூசியமானது. 1920, 30களின் அந்தக் கிராமப்புறம் இன்று அங்கேதான் அப்படியே இருக்கிறது.

மாடலே அழிந்துபோன கதையும் உண்டு. அமெரிக்காவின் ஜான் ஆலன் பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய லேஅவுட், 1973ல் அவர் இறந்த சில நாட்களிலேயே தீயில் போனது. அவர் எடுத்து வைத்த புகைப்படங்களே இப்போது மிச்சம்.

நம்மிடமும் மறைந்தவை ஏராளம். சென்னை கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004ல் நின்றது. செங்கோட்டை - புனலூர் மீட்டர்கேஜ் பாதை 2010ல் மூடப்பட்டு, 2018ல் பிராட்கேஜாகத் திறக்கப்பட்டது. அந்தப் பாதையின் 13 கண் பாலம் இன்னும் நிற்கிறது. ஆனால் மேலே ஓடிய வண்டியின் நிறம், ஸ்டேஷன் பெயர்ப்பலகையின் எழுத்து, சிக்னல் கம்பத்தின் உயரம் எல்லாம் பயணித்தவர்களின் நினைவிலும் பழைய ஆல்பங்களிலும்தான் இருக்கின்றன. மாடல் செய்பவர் அவற்றைத் தேடித்தான் ஆகணும். வேறு யாரும் அளந்து வைக்காத விவரங்கள் அப்படித்தான் பதிவாகின்றன.

தொடங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

* முழு ஊரையும் திட்டமிட வேண்டாம். 4 அடிக்கு 1 அடி பலகையில் ஒரு சின்ன ஸ்டேஷன் போதும். அதில் எல்லா வேலையையும் பழகிவிடலாம்.
* மலையை மூடும் முன்பு, ரயிலை இரண்டு பக்கமும் பலமுறை ஓட்டிப் பார்க்கணும்.
* சுரங்கத்துக்குள் கை நுழையும் அளவுக்குப் பின்பக்கம் திறப்பு வேணும். அது இல்லையென்றால், உள்ளே ரயில் கவிழும்போது மலையைத்தான் உடைக்கணும்.
* பிளாஸ்டர் பொடி, ஸ்ப்ரே பெயின்ட் வேலைகளுக்கு மாஸ்க், ரெசினுக்குக் கையுறை கட்டாயம். தெர்மாகோல் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் சால்டரிங் வேண்டாம்.
* செய்ய நினைக்கும் ஸ்டேஷனுக்கு ஒருமுறை போய், அனுமதி உள்ள இடங்களில் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். கட்டடம் மாறுவதற்கு முன்பே போவது நல்லது.