பொடி எழுத்து வாரன்டி

புதுக் காரின் பின்விளக்கில் விரிசல் விழுந்தால் முதலில் வரும் சண்டை, அது தயாரிப்புக் குறையா, வெளியில் பட்ட அடியா என்பதுதான். அடி என்றால் வாரன்டி கிடையாது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் உயிரே போக இருந்தாலும் நிலைமை கிட்டத்தட்ட இதுதான்.

1955 மே மாதம் நியூஜெர்சியில் கிளாஸ் ஹென்னிங்சன் என்பவர் மனைவி ஹெலனுக்கு அன்னையர் தினப் பரிசாக பிளைமவுத் கார் ஒன்று வாங்கினார். வண்டி கைக்கு வந்த 10-ம் நாள், 468 மைல் ஓடிய நிலையில், ஸ்டியரிங் ஹெலனின் கையை மீறிச் சுழன்று கார் சுவரில் மோதியது. முன்பக்கம் நொறுங்கிவிட்டதால் எந்தப் பாகம் பழுது என்று காட்டவும் வழியில்லை.

ஆர்டர் படிவத்தின் பின்னால் பொடி எழுத்தில் வாரன்டி இருந்தது. 90 நாள் அல்லது 4000 மைல் வரை பழுதான பாகத்தை மாற்றித் தருவார்களாம், வேறு பொறுப்பே இல்லையாம்! மற்ற பெரிய கம்பெனிகளும் இதே வாசகத்தைத்தான் வைத்திருந்தன. வேறு கடைக்குப் போய் என்ன பயன்?

1960-ல் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. ஓட்டத் தகுந்த வண்டி என்பது எழுதாமலே உள்ள உறுதி. கையெழுத்துப் போடாத ஹெலனுக்கும் அது உண்டு. விபத்து நடந்த விதமே பழுதை ஊகிக்கப் போதும் என்றும் சொன்னது.

1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டம், வாரன்டியை எளிய மொழியில் எழுதச் சொன்னது. எழுத்தில் வாரன்டி கொடுத்தவர் எழுதாத உறுதியை அடியோடு மறுக்கவும் தடை போட்டது. விளக்குச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் பொடி எழுத்தே கடைசி வார்த்தை என்ற காலம் அங்கே முடிந்தது.