குடவோலையும் குடியிருப்பும்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுச் சுவரை நான் முதன்முதலாகக் கண்டது 1983ஆம் ஆண்டில். ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. எட்டாம் வகுப்பு மாணவர் முப்பது பேரைக் காஞ்சியிலிருந்து பேருந்தில் அழைத்துச் சென்றிருந்தேன். சுவரெங்கும் பரவிக் கிடந்த எழுத்துகளைக் காட்டி, சோழர் காலத்து ஊர்ச்சபைக்கு உறுப்பினரை எவ்வாறு தேர்ந்தார்கள் என்று பெருமிதத்தோடு விளக்கினேன். வேட்பாளர்க்குரிய தகுதிகளை வரிசையாகச் சொல்லி வந்தபோது, "சொந்த மனையிலே வீடு கட்டிக்கொண்டு இருப்பவனாக இருத்தல் வேண்டும்" என்ற இடத்தில் ஒரு பையன் எழுந்தான்.

"சார், ஏரிக்கரையில குடிசை போட்டிருக்கிறவங்க பேரை ஓலையில எழுதுவாங்களா?" என்று கேட்டான்.

"எழுதமாட்டார்கள்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவன் குடும்பம் ஏரிப் புறம்போக்கில் குடியிருந்தது என்பதைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்தபின்தான் அறிந்தேன். முகவரி எழுதவேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர் மட்டுமே இருந்தது, கதவிலக்கம் இல்லை.

நேயர்களே, அந்தப் பையனுக்கு நான் சொன்ன விடை சரியானதே. ஆனால் அது பாதி விடை. மற்றப் பாதியைத்தான் இன்று சொல்ல எண்ணுகிறேன்.

முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919இல், ஒரு கல்வெட்டும், 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது 921இல், மற்றொன்றும் வெட்டப்பட்டன. இரண்டு ஆண்டுகளுக்குள்ளாகவே விதிகளைத் திருத்த வேண்டியிருந்தது என்றால் முதல் ஏற்பாட்டில் ஓட்டைகள் இருந்தன என்றே கொள்ளவேண்டும். தீயோர் ஒடுங்கவும் நல்லோர் தழைக்கவும் இத்திருத்தம் என்று கல்வெட்டே காரணம் கூறுகிறது. முதல் விதிப்படி வேட்பாளரின் வயது முப்பதுக்குமேல் அறுபதுக்குள். இரண்டாவதன்படி முப்பத்தைந்துக்குமேல் எழுபதுக்குள். அறுபதைக் கடந்துவிட்ட என்னை முதற் கல்வெட்டு தள்ளிவிடும்; இரண்டாவது ஏற்றுக்கொள்ளும். ஆனால் கால்வேலி வரிநிலமும் வேதப் பயிற்சியும் வேண்டுமே! அங்கே மீண்டும் வெளியே நிற்க நேரும்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இன்று நாம் வார்டு என்று சொல்வது. தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். இளையோரும் முதியோரும் அடங்கிய மகாசபை கூடியிருக்கும். கோயில் நம்பிமாருள் மூத்தவர் எல்லோரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக்கொண்டு ஒரு கட்டை எடுக்கச் செய்து, அதிலுள்ள ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அவற்றுள் ஒன்றை எடுப்பார்கள். அந்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். விரலிடுக்கில் வேறோலை ஒளித்து மாற்றிவிடக்கூடாது அல்லவா? அந்த ஒரு விதியிலேயே அக்காலத்து மனிதரின் அனுபவம் அத்தனையும் தெரிகிறது. இவ்வாறு வந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் அமர்ந்தார்கள். பதவிக்காலம் 360 நாள்.

இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. நான் வியந்து நிற்பது இன்னொரு விதியில். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவனை மட்டுமன்று, அவனுடைய சிற்றன்னை பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், மாமனார், மருமகன், தந்தை, மகன் என்று உறவுமுறையில் ஒருவரையும் இடக்கூடாது. ஒருவன் ஊர்ப்பணத்துக்குக் கணக்குச் சொல்லாமற் போனால் அவன் மருமகனும் பதவிக்கு வரமுடியாது. இக்காலத்திலும் கணக்குக் காட்டாதவர் தகுதி இழக்கும் விதி ஒன்று உண்டு. ஆனால் அது வேட்பாளர் தம் தேர்தல் செலவைப் பற்றியது. ஊர்ப்பணத்தைப் பற்றியதன்று.

ஆக, ஒரே சுவரில் இரண்டு விதிகள் இருக்கின்றன. கணக்குக் காட்டாதவனை அவை வெளியே நிறுத்தின. வீடில்லாதவனையும் வெளியே நிறுத்தின. அவ்வூர் பிரமதேயம் என்பதை மறந்து, நாட்டு மக்கள் எல்லோரும் ஓலை எழுதினார்கள் என்று மேடைகளில் பேசுவது வரலாறு ஆகாது. உழவர், குயவர், நெசவாளர், பெண்டிர் ஆகிய எவர் பெயரும் அந்தக் குடத்தில் விழவில்லை.

வீட்டுக்கும் வாக்குக்கும் இருந்த முடிச்சு உத்திரமேரூரோடு ஒழிந்ததன்று. இங்கிலாந்திலேயே 1918 வரை வாக்குரிமை பெரிதும் வீட்டையும் வாடகையையும் பொறுத்திருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் நம் நாட்டு ஸ்தல ஸ்தாபனங்களிலும் வரி செலுத்துவோரும் சொத்துடையோருமே வாக்களித்தனர். 1950இல் வந்த அரசியலமைப்புச் சட்டம் அந்த முடிச்சை ஒரே வெட்டாக வெட்டியது. வீடற்றவரை வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதற்குத் தேர்தல் ஆணையம் வகுத்துள்ள முறை ஒன்றைச் சொல்கிறேன். வாக்குச்சாவடி அலுவலர் இரவில் சென்று, படிவத்தில் குறித்த இடத்தில் அந்த மனிதர் உண்மையிலேயே உறங்குகிறாரா என்று பார்க்கவேண்டும். ஓர் இரவு போதாது, மேலும் போய்ப் பார்க்கவேண்டும். உறங்குவது உறுதியானால் முகவரிச் சான்று எதுவும் கேட்கக்கூடாது. உறங்கும் இடமே முகவரி! சோழர் கல்வெட்டைவிட இவ்விதியை நான் உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிப்ரவரி 28ஆம் நாள் இரவு வீடற்றோரைக் கணக்கிடும் பணியில் நானும் இருந்தேன். காஞ்சியில் கோயில் மதிலோரத்தும் பேருந்து நிலையத்தும் கைவிளக்கோடு திரிந்தோம். ஒரு மூதாட்டி எழுந்து உட்கார்ந்து, "வீடு குடுக்கப் போறீங்களாப்பா?" என்றாள். "இல்லை அம்மா, எண்ணத்தான் வந்தோம்" என்றேன். "எண்ணிட்டுப் போங்க" என்று மறுபடி படுத்துக்கொண்டாள். அந்த இரவில் இந்தியா முழுதும் எண்ணப்பட்டவர் ஏறக்குறைய 17 இலட்சத்து 70 ஆயிரம் பேர்.

எண்ணிய அரசு வீடு கட்டவும் செய்தது. அதனை மறுப்பது நன்றியன்று. தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1961இலும், குடிசை மாற்று வாரியம் 1970இலும் தோன்றின. 1971இல் குடிசைப் பகுதிகளுக்கெனத் தனிச்சட்டமும் வந்தது. 2010இல் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கும் திட்டம், 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024இல் கலைஞரின் கனவு இல்லம் என்று ஆட்சிகள் மாறினாலும் திட்டங்கள் தொடர்ந்தன. குறை கட்டியதில் மட்டுமன்று. கட்டியதற்குப் பின் யாரிடம் கேட்பது என்பதில்தான் இருந்தது. 2021 ஆகஸ்டில் சென்னைப் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புதுச்சுவரின் பூச்சு கைபட்டாலே உதிர்ந்ததைக் குடியிருந்தோர் காட்டினர்; ஆய்வுக்கு உத்தரவு பிறந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் திருவொற்றியூரில் வாரியக் குடியிருப்பின் 24 வீடுகள் அடங்கிய கட்டடம் சரிந்தது. முன்னரே விரிசலைக் கண்டு வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

பெரும்பாக்கத்தின் கதை இதனினும் கருதத்தக்கது. சென்னையின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்கள், குறிப்பாக 2015 பெருவெள்ளத்திற்குப் பின், அங்கே எழுப்பப்பட்ட அடுக்கு மாடிகளுக்குக் கூட்டங் கூட்டமாகக் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் விட்டு வந்தது மாநகராட்சி. வந்து சேர்ந்தது ஓர் ஊராட்சி. 2019 நவம்பர் வரை அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊராட்சித் தலைவரைக் கேட்கலாமென்றால் தலைவர் இல்லை. உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் 4ஆம் நாள் ரத்துச் செய்தது. தனி அலுவலர்கள் நிர்வாகத்தை ஏற்றார்கள். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது, எல்லை பிரிக்கப்பட்ட ஒன்பது மாவட்டங்கள் விடப்பட்டன. காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் அவற்றுள் அடங்கும். அங்கே 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் வாக்குப்பதிவு. நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி 19. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டம் கூறுகிறது. 2006இல் உச்சநீதிமன்றமும் அதனை வலியுறுத்தியது. நம் மாவட்டத்திலோ ஒரு முழு ஐந்தாண்டு, மன்றமே இல்லாமற் கழிந்தது. 360 நாள் பதவிக்கு விரலை விரித்துக் காட்டிய மாவட்டம் இது!

தனி அலுவலர் தீயவர் என்று நான் கூறவில்லை; பலர் உழைப்பாளிகள். ஆனால் அவர் மாற்றலாகிப் போய்விடுவார். அவருடைய மருமகனும் நம் ஊரில் இருக்கமாட்டான்.

காஞ்சியிலேயே வேகவதி ஆற்றங்கரையில் இருந்தோர்க்காகக் கீழ்கதிர்ப்பூரில் 2,112 வீடுகள் கட்டப்பட்டன. ஆற்றுக்குள் வாழ்வதைவிட அடுக்கு மாடி மேலானதே. எனினும் நெசவூரில் வீடு என்பது உறங்கும் இடம் மட்டுமன்று. தறிக்குழி தோண்டத் தரை வேண்டும். விடியற்காலையில் பாவு விரிக்கத் தெரு வேண்டும். இரண்டாவது மாடியில் குழி தோண்ட எந்தப் பொறியாளர் இசைவார்? எங்கள் முசரவாக்கத்துப் பக்கத்தில் எந்த நெசவாளியிடம் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். வரைபடம் எழுதும் நாளில் அவரைக் கேட்பதற்கு ஒரு வார்டு உறுப்பினர் வேண்டும்.

அந்தப் பழைய மாணவன் 2021 தேர்தலில் தன் ஊரில் வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றான். வேட்புமனுவை நிரப்பித் தரும்படி என்னிடம் வந்தான். தலை நரைத்திருந்தது. அசையாச் சொத்து என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதச் சொன்னான், எழுதினேன். உத்திரமேரூரை நான் நினைவூட்டவில்லை. அவனே, "சார், இப்போ எழுதறாங்க பாருங்க" என்றான்.

மனு ஏற்கப்பட்டது. சில வாக்குகளில் தோற்றான். ஆனாலும் ஊராட்சியின் கிராம சபை கூடும்போதெல்லாம் போகிறான். ஒருமுறை நானும் உடன் போனேன். வீடு ஒதுக்கப்பட்டோர் பட்டியலை ஒருவர் விரைந்து படித்தார். இவன் எழுந்து, சென்ற ஆண்டுப் பட்டியலில் எத்தனை வீடு கட்டி முடிந்தது, எவ்வளவு பணம் கொடுத்தீர்கள் என்று கேட்டான். பதிவேடு அலுவலகத்தில் இருக்கிறது, அடுத்த கூட்டத்தில் கொண்டுவருகிறோம் என்று விடை வந்தது.

அடுத்த கூட்டத்திற்கும் இருவரும் போனோம். பதிவேடு வந்திருந்தது. அவன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, விரலால் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்கத் தொடங்கினான்.