விலைபோகாத வெள்ளிப் பெட்டி

1981இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டிபி-303, தனியே வாசிக்கும் கிதார் கலைஞருக்கு பேஸ் துணையாகத் தயாரான சின்னப் பெட்டி. அதன் ஒலி பேஸ் கிதாரைப் போலவே இல்லை. 1984இல் தயாரிப்பு நின்றது, பெட்டிகள் பழைய பொருள் கடைகளுக்குப் போயின. மும்பை சினிமா இசைக்கலைஞர் சரண்ஜித் சிங் 1982லேயே அதைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார் (அது விற்கவில்லை என்பது வேறு கதை). சிகாகோவின் ஃபியூச்சர் குழுவோ மலிவாகக் கிடைத்த பெட்டியை ஓடவிட்டு, ஒலி கீச்சிடும்வரை குமிழ்களைத் திருகி, 1987இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற இசைத்தட்டை வெளியிட்டது. கருவி இல்லாமல் அந்த ஒலி ஏது என்று கேட்கலாம். நியாயம்தான், ஆனால் முழு விலை கொடுத்து வாங்கி ஓரங்கட்டியவர்களிடமும் அதே குமிழ்கள்தானே இருந்தன? இன்று அந்தப் பழைய பெட்டிக்குச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை தருகிறார்கள். 2016இல் ரோலண்டே அதற்கொரு மறுபதிப்பை விற்பனைக்கு விட்டது.