பாலைவனத்துப் பிள்ளை கட்டிய வகுப்பறை

ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைநிலத்தில் ஆளுக்கொரு திசையில் சிதறிக் கிடக்கும் குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டி என்ன பயன்? பிள்ளைகள் நாள்கணக்கில் நடந்தாலும் வந்து சேர முடியாது. 1951-இல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பறக்கும் மருத்துவர் சேவை வைத்திருந்த சிற்றலை வானொலியிலேயே பாடம் நடத்தினார்கள். ‘ஆகாயப் பள்ளி’ என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே வானொலிப் பெட்டி வழியாக ஆசிரியருக்குப் பதில் சொன்னார்கள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவனத்தில் இப்படிப் படித்து வளர்ந்தவர்தான் மார்ட்டின் டூகியாமஸ். அவருடைய பாடத்தாள்கள் விமானத்தில் வந்திறங்கும். பிற்பாடு பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் இணையவழிப் பாடங்களைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. அங்கே இருந்தது வெப்சிடி என்ற வணிக மென்பொருள். அதன் நிரல் பூட்டிக் கிடந்தது. ஆசிரியர் ஒருவர் பாடத்தை வேறு மாதிரி நடத்த ஆசைப்பட்டாலும், மென்பொருள் விட்ட வழியில்தான் போக வேண்டும். இதில் மனம் ஒப்பாமல் டூகியாமஸ் தாமே ஒன்றை எழுதத் தொடங்கினார். 2002 ஆகஸ்ட் 20 அன்று மூடில் 1.0 வெளிவந்தது. யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தோடு வந்தது.

இலவசம் என்பதால்தான் அது பரவியது என்று சொல்வது பாதி உண்மை. உள்ளே ஒரு கல்விக் கொள்கை இருந்தது. அறிவு மேலிருந்து கீழே கொட்டப்படுவதன்று, பலர் கூடிப் பேசி ஆக்கிக்கொள்வது என்பதே டூகியாமஸின் ஆராய்ச்சிப் பொருள். மூடிலின் கலந்துரையாடல் மன்றத்தில் மாணவர் ஒரு பதிவு இட்டால், வழக்கமான அமைப்பில், அது உடனே மற்றவர்களுக்கு மின்னஞ்சலாகப் போகாது. முப்பது நிமிட அவகாசம் உண்டு. அதற்குள் எழுதியவர் மறுபடி படித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். பதிவுகளை மதிப்பிடுவதற்கும், மதிப்பெண்ணுக்குப் பதிலாக, எழுதியவர் விலகி நின்று வாதிடுகிறாரா, மற்றவர் கருத்தோடு ஒட்டிச் சிந்திக்கிறாரா என்று குறிக்கும் ஓர் அளவுகோல் அதிலேயே இருந்தது. கற்பதைப் பற்றி ஆழ்ந்து யோசித்த ஒருவருக்குத்தான் இவையெல்லாம் தோன்றும்.

பிரிட்டனின் திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 2005-இல் மூடிலைத் தேர்ந்தெடுத்தது. தொலைநிலைக் கல்வியில் உலகுக்கே முன்னோடியான நிறுவனம் வந்த பிறகு, தயங்கி நின்ற பலரும் வந்தார்கள்.

அடுத்த ஆண்டே இடி இறங்கியது. அமெரிக்காவின் கல்வி மென்பொருள் நிறுவனமான பிளாக்போர்டு வெப்சிடியை வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. 2006 ஜனவரியில் பிளாக்போர்டுக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. ஒரே ஆள் ஒரே கணக்கில் நுழைந்து ஒரு பாடத்தில் மாணவராகவும் இன்னொன்றில் ஆசிரியராகவும் இருக்க முடிவது தன் கண்டுபிடிப்பு என்பது அந்த நிறுவனத்தின் வாதம். முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே இளநிலை வகுப்பு எடுப்பவர்கள் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் உண்டு. அந்தச் சாதாரண நடைமுறைக்கு ஒரு நிறுவனம் உரிமை கொண்டாடியது கல்வி உலகைக் கொதிக்க வைத்தது. ஜூலையில் பிளாக்போர்டு, அதே வகை மென்பொருள் விற்ற கனடாவின் டிசையர்டூலேர்ன் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது.

பதிலடி ஆவணங்களாக வந்தது. ஆசிரியர்களும் நிரலாளர்களும் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 1960-களின் பிளேட்டோ அமைப்பு வரை பின்னோக்கிப் போய், இதெல்லாம் முன்பே இருந்தவை என்று விக்கிப்பீடியாவில் ஊர் கூடித் தொகுத்தார்கள். மூடில், சகாய், ஏட்யூட்டர் ஆகிய மூன்று திறமூலத் திட்டங்களின் சார்பில் அந்தக் காப்புரிமையை மறுஆய்வு செய்யக் கோரி மென்பொருள் சுதந்திரச் சட்ட மையம் மனுப் போட்டது. 2007 பிப்ரவரியில், திறமூல மென்பொருள்கள் மீது இந்தக் காப்புரிமையைப் பயன்படுத்த மாட்டோம் என்று பிளாக்போர்டு உறுதி அளித்தது. வழக்கோ நடந்துகொண்டே இருந்தது. 2008-இல் டெக்சாஸ் நடுவர் குழு பிளாக்போர்டுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி சுமார் 31 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. 2009 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கவிழ்த்து, வழக்குக்கு அடிப்படையான உரிமைக்கோரல்கள் செல்லாது என்றது.

மூன்றே ஆண்டில் காட்சி மாறியது. 2012-இல் பிளாக்போர்டே மூடில் சேவை வழங்கிவந்த மூடில்ரூம்ஸ், நெட்ஸ்பாட் என்ற இரு நிறுவனங்களை விலைக்கு வாங்கியது. மூடிலையே விழுங்கிவிடுவார்களோ என்று பலர் பதறினார்கள். ஆனால் வாங்கியது சேவை நிறுவனங்களைத்தான். நிரல் ஜிபிஎல் உரிமத்திலேயே இருந்தது. மூடிலின் வளர்ச்சியும் பெர்த்திலிருந்த டூகியாமஸ் குழுவின் பொறுப்பிலேயே தொடர்ந்தது. அந்தச் சேவை நிறுவனங்கள் வழியாக இரு தரப்புக்கும் இருந்த கூட்டும் 2018-இல் முறிந்தது. பிளாக்போர்டு தன் வழியே போயிற்று. மூடிலோ தன் வழியில் நிலைத்தது. சென்னை ஐஐடியும் இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் யாரிடமும் உரிமக் கட்டணம் கட்டாமல் மூடிலில் பாடம் நடத்துகின்றன. தமிழில் அதற்கு மொழித்தொகுப்புகள் இரண்டு உண்டு. ஒன்று பொதுவானது, மற்றது இலங்கைத் தமிழுக்கென்றே தனியாக வைத்திருப்பது.