நிரல்நடையும் பொறியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மென்பொருளாக்கமும் மனித உழைப்பே. எனவே அதன் நடைவிதிகளையும் உழைப்புறவுகளின் பின்னணியில் நாம் நோக்குதல் வேண்டும்.

1978ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்து ஸ்டீபன் ஜோன்சன் ஆக்கிய 'லின்ற்', சி மொழி நிரல்களில் ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டியது. நடையைக் காத்தலோ பெரும்பாலும் மனிதக் கண்ணின் பொறுப்பாகவே நீடித்தது. பைதன் மொழிக்கென 2001இல் எழுந்த எட்டாம் இலக்க ஆவணம், வரிக்கு 79 எழுத்துக்கள், உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளிகள் என வகுத்தது. இத்தகைய விதிகளைத் திறந்த மூலத் திட்டங்களில் வலியுறுத்தியோர் மீளாய்வாளரே. ஊதியமின்றி உழைத்த புதியவரின் பங்களிப்பு வெறும் இடைவெளிகளின் பெயரால் திருப்பியனுப்பப்படலாயிற்று. விதி தனிமனித அதிகாரமாயிற்று.

2009இல் கோ மொழியுடன் வெளிவந்த 'கோஃபம்ற்' இந்நிலையை மாற்றியது. அது தவறு சுட்டுவதோடு நில்லாது, நிரலைத் தானே ஒரே வடிவில் திருத்தி எழுதிற்று. 2017இல் 'பிறிற்றியர்', 2018இல் 'பிளாக்' ஆகியனவும் அவ்வழியே வந்தன.

பொறியின் முன் மூத்தவரும் புதியவரும் சமமாயினர். இது முற்போக்கானதே. ஆயின் விதியை யாத்தோர் யாவர்? கோ மொழி கூகிள் நிறுவனத்திற் பிறந்தது. அதன் வடிவமைப்பில் பயன்படுத்துவோர் தெரிவுசெய்ய ஏறக்குறைய எதுவுமில்லை. அதிகாரம் மறையவில்லை, மீளாய்வாளரிடமிருந்து கருவியாக்குவோரிடம் பெயர்ந்தது. விதியாக்கத்திலும் உழைப்போர் பங்குகொள்ளும்போதே இச்சமத்துவம் முழுமைபெறும் என்பது எமது துணிபு.