இருக்கைக்குள் இருந்த வரலாறு

மோட்டார் காரின் வரலாற்றை எழுதியவர்களிற் பெரும்பாலோர் இயந்திரத்தைப் பற்றி எழுதினார்கள். சிலர் அதன் தோற்றத்தைப் பற்றி எழுதினார்கள். இருக்கையைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. கிழிந்தால் எறிந்துவிட்டுப் புதியதைப் போடுவதே வழக்கமாகிவிட்டதால், அதற்கும் ஒரு வரலாறு உண்டென்பதை நாம் எண்ணுவதில்லை. தம்பலகாமத்தில் என் உறவினர் ஒருவர் தமது தந்தையார் வாங்கிய மொறிஸ் மைனரின் இருக்கைகளை வீட்டு விறாந்தையிலேயே பிரித்துத் திருத்தினார். சில நாட்கள் நானும் உடனிருந்தேன். அப்போது கண்டவையே இக்கட்டுரைக்குக் காரணம்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனர், 1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும் வரை 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை வெளிவந்தன. இலங்கையில் அது வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் விரும்பிய வண்டி. வாடகைக் காராகவும் ஓடியது.

அக்காலத்து ஐரோப்பியக் கார்களின் இருக்கைகள் பெரும்பாலும் ஒரே விதமாகக் கட்டப்பட்டன. அடியில் இரும்புச் சட்டமும் சுருள் கம்பிகளும் இருக்கும். அவற்றின்மேல் சாக்குத்துணி, அதன்மேல் குதிரைமயிரோ தென்னை நாரோ கொண்ட திண்டு, அதற்கும் மேல் மெல்லிய பஞ்சுப் படை. எல்லாவற்றையும் தோலோ றெக்சினோ மூடியிருக்கும். றெக்சின் என்பது மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்னும் ஊரிற் செய்யப்பட்ட ஒரு வணிகப் பெயர். துணியின்மேல் நைத்திரோசெலுலோசு பூசி உருவாக்கிய அந்தப் போலித் தோலின் பெயர், பின்னர் வந்த பிளாஸ்ரிக் துணிகளுக்கும் நம்மவர் வாயில் நிலைத்துவிட்டது.

தமிழகத்தார் தென்னை நார் என்பதை நாங்கள் தும்பு என்போம். ஊறவைத்த மட்டையை அடித்துச் சீவினால் நீண்ட தும்பு தூரிகைக்குப் போகும். எஞ்சும் குட்டைத் தும்பு மெத்தைக்குப் போகும். இவ்விரண்டையும் உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடுகளில் இலங்கை முதன்மையானது. தும்பைக் கயிறாக முறுக்கிச் சுருளச் செய்து, பின் பிரித்து, றப்பர்ப் பால் தெளித்து வேகவைத்தால் துள்ளும் தன்மையுள்ள திண்டு கிடைக்கும். ஜெர்மானிய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் இருக்கைகளில் இத்தகைய திண்டுகள் இருந்தன. றப்பரும் நமக்கு அந்நியமானதன்று. கியூ தோட்டத்திலிருந்து 1876இல் வந்த கன்றுகள் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டன. இத்தீவின் தென்னையும் றப்பரும் கப்பலேறிச் சென்று, சீமைச் சரக்கென்னும் பெயரோடு திரும்பி வந்த காலம் அது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி ஏற்பட்டு, கார் இறக்குமதி கடுமையாக மட்டுப்படுத்தப்பட்டது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த வண்டியை ஓட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய கார்களைக் காத்தவர்கள் சிற்றூர்களின் மெக்கானிக்குகளும் குசன் வேலைக்காரர்களுமே. பின்னர் வந்த போரும் 1990களின் எரிபொருள் தடையும் இந்தத் திறமையை மேலும் சோதித்தன. யாழ்ப்பாணத்தில் மொறிஸ்களும் ஒஸ்ரின்களும் சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடியதை வாசகர்கள் பலர் அறிவார்கள்.

இந்த வரலாறு எங்கள் விறாந்தையில் படை படையாக வெளிவந்தது. மேலே 1980களைச் சேர்ந்த பிளாஸ்ரிக் உறை. அதன் கீழே தொழிற்சாலைத் திண்டு இல்லை; கையால் விரித்துத் தைத்த உள்ளூர்த் தும்பு இருந்தது. சுருள் கம்பிகளை மூடியிருந்த சாக்கும் சீமைச் சாக்கன்று. கோதுமை மா வந்த துணிப்பையை இரண்டாக மடித்து, யாரோ ஒருவர் கோணூசியால் மிக நேர்த்தியாகத் தைத்திருந்தார். நூலின் ஒவ்வொரு தையலும் ஒரே அளவாக இருந்தது. அவர் பெயர் வீட்டில் எவருக்கும் நினைவில்லை.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன், இங்கிலாந்தில் ஆயத்தமாக விற்கப்படும் உறைகளையும் திண்டுகளையும் அனுப்புவதாகச் சொன்னார். வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட நாளில் இருந்தவாறு ஆகவேண்டும் என்பது அவர் விருப்பம். தந்தையோ மாப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசாதிருந்தார். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால், தொழிற்சாலையின் நாளை மட்டுமே வண்டியின் உண்மையான நாள் என்று கொண்டால், அதன் பின் அது நம்மிடையே வாழ்ந்த அறுபது ஆண்டுகளும் வெறும் பழுது என்றாகிவிடும்.

முடிவில் நடுவழி ஒன்று எடுக்கப்பட்டது. பழைய உறையின் தையலைப் பிரித்து, துண்டுகளுக்கு இலக்கமிட்டு, அவற்றையே மாதிரியாக வைத்துப் புதிய உறை வெட்டினார்கள். சுருள் கம்பிகளின் கறளைக் கம்பித் தூரிகையால் நீக்கி, கறள் தடுக்கும் பூச்சுப் பூசினார்கள். சாய்ந்துபோன சுருள்களை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். புதுத் தும்பை நல்ல நீரில் அலசி வெயிலில் உலர்த்தினார்கள். களப்பு நீரில் ஊறிய மட்டையின் தும்பில் உப்பு நின்றால் இரும்பைத் தின்றுவிடும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். உறையை இழுத்துப் பொருத்துமுன் நண்பகல் வெயிலில் சிறிது நேரம் விரித்து வைத்தார்கள். தம்பலகாமத்து வெயிலில் அது வெற்றிலைபோல் இளகிவிட்டது. இற்றுப்போன தும்பு கழிக்கப்பட்டது. மாப்பை மட்டும் துவைக்கப்பட்டு, புதிய சாக்கின் கீழே பழைய இடத்திலேயே தைக்கப்பட்டது. மகனும் பிறகு சம்மதித்தார்.

17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபின், அவ்வழிபாட்டின் தொடர்ச்சியை ஆதிகோணேசுவரத்தில் பேணிய ஊர் தம்பலகாமம். எதைக் காப்பது, எதைப் புதிதாக்குவது என்ற கேள்வி அவ்வூருக்குப் புதியதன்று.

இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ல்ஸ் வெயார், 1990களில் அவ்வண்டியின் உதிரிப் பாகங்களை இலங்கையிற் செய்விக்க முன்வந்தார். நம் கைத்திறனை அவர் அறிந்திருந்தார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அந்த ஆண்டுகளிலும் திருத்தத் தெரிந்தவர்களே வண்டிகளை ஓடவைத்தார்கள். அவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. உங்கள் வீட்டுக் கொட்டிலில் பழைய வண்டி ஒன்று நிற்குமானால், இருக்கையை எறிவதற்கு முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அவர்கள் விட்டுச்சென்ற தையல் அதற்குள் இருக்கலாம்.